உலாவிச் சோதனையில் செயற்கை நுண்ணறிவு: 'ஊத்துக்கோட்டை' என்னும் பெயரை முன்வைத்து ஒரு மதிப்பீடு

இணையப் பக்கங்களை மனிதக் கையின்றி இயக்கிச் சரிபார்க்கும் தானியங்கு உலாவிச் சோதனை, 2004இல் செலினியம் தோன்றிய பின்னர்ப் பரவலாயிற்று. நிரல் ஒரு பொத்தானை அழுத்தும். திரையில் வந்த சொல்லை எதிர்பார்த்த சொல்லோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடும். இன்று அவ்வொப்பீட்டுடன் செயற்கை நுண்ணறிவின் தீர்ப்பும் சேர்க்கப்படுகிறது. திரைப்பிடிப்பைக் கொடுத்து 'இது சரிதானா' என வினவுவது அதன் எளிய வடிவம். தமிழ்ப் பக்கத்தில் இத்தீர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்பதே வினா.

பெரியபாளையம், திருவள்ளூர் மாவட்டம் ஊத்துக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்தது. பட்டா, சிட்டா ஆகியவற்றை இணையத்தில் காண விழைபவர் மாவட்டம், வட்டம், கிராமம் என்று படிப்படியாகத் தேர்ந்தெடுக்கிறார். இத்தகைய படிவத்துக்கான சோதனையில் 'ஊத்துக்கோட்டை' என்னும் ஒரு பெயரே போதிய சிக்கலைத் தருகிறது.

இப்பெயரின் 'கோ' ஒருங்குறியில் இருவகையாக அமையலாம். ஓகாரக் குறியை ஒற்றைக் குறியீடாக இடலாம்; ஏகாரக் குறி, கால் என இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பழைய ஒப்பீடோ இவற்றை வேறெனக் கொண்டு பிழை காட்டும். இதற்குச் செயற்கை நுண்ணறிவு தேவையில்லை. ஒருங்குறி இயல்பாக்கம் என்னும் எளிய விதியே போதும். இவ்விதியை விடுத்து மாதிரியை நாடுவது, கொசுவுக்குப் பீரங்கி எடுப்பதாகும்.

முதலெழுத்தின் சிக்கல் வேறு. 'ஊ' என்பதற்கு மாற்றாக 'உ', 'ள' ஆகிய இரண்டும் அடுத்தடுத்து இடப்படுவதுண்டு. ஔகாரத்திலும் இதே வழக்கம் காணப்படுகிறது. 'உளத்துக்கோட்டை' என்று பதிவான பெயரில் ளகரம் சற்றுப் பெரிதாகத் தோன்றுமே தவிர, விரைந்து படிப்பவர் அதனைக் கவனிப்பதில்லை. இயல்பாக்கமும் இதனைத் திருத்தாது. சூழலைக் கொண்டு சொல்லை ஊகிக்கும் மாதிரி, 'சரி' என்று தீர்ப்பளிக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் சரியாகத் தட்டச்சு செய்து தேடும் பயனருக்குத் தம் வட்டமே கிடைக்காது. பிழையைப் பொறுத்துக்கொண்டு படிக்கும் திறன் வாசகனுக்கு நன்மை. சோதனையாளனுக்கு அதுவே குறை.

எழுத்தொப்பீட்டுக்குப் புலப்படாதனவும் உள. எழுத்துரு பொருந்தாமல் எகரக் கொம்பு இடம்மாறி நின்றாலோ, உயிர்க்குறிக்குப் பக்கத்தில் புள்ளிவட்டம் தோன்றினாலோ அதற்குத் தெரியாது; குறியீடுகள் மாறவில்லை அல்லவா! திரைப்பிடிப்பை நோக்கும் மாதிரி இங்குப் பயன்படும். அதன் உண்மையான இடமும் இதுவே.

பெயர் மாறிய பொத்தானுக்கு ஈடாக நெருங்கியதொன்றைத் தானே தேர்ந்து சோதனையைத் தொடரும் வசதி மேலும் ஐயத்துக்குரியது. திருப்பூருக்கு அருகிலும் சர்க்கார் பெரியபாளையம் என்னும் ஊர் உண்டு. பெயரின் நெருக்கத்தை மட்டும் கொண்டு தேர்ந்தால் சோதனை வெற்றி எனப் பதிவாகும். திறந்திருப்பதோ வேறு மாவட்டத்து ஆவணமாக இருக்கலாம். ஆகவே மாதிரியின் தீர்ப்பு, பழைய ஒப்பீடு கண்ட தோல்வியை வெற்றியாக மாற்றும் உரிமையைப் பெறலாகாது. அது தனி வரியாக, தான் கண்ட காரணத்துடனும் திரைப்பிடிப்புடனும் பதிவாக வேண்டும். ஒரே பக்கத்துக்கு இருமுறை இருவேறு தீர்ப்பு வருமாயின், அவ்வேறுபாடும் அவ்வரியிலேயே இடம்பெறுதல் வேண்டும்.