நிச்சயமின்மை என்றொரு சாக்கு

'அணுவுக்குள்ளேயே நிச்சயம் கிடையாது. அப்புறம் பிரதியில் எங்கே நிச்சயம், வரலாற்றில் எங்கே உண்மை?' இலக்கியக் கூட்டங்களில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டாகிவிட்டது. ஹைசன்பர்க் பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் வாயடைத்துப் போகிறார். இயந்திரத்தனமான நிர்ணயவாதத்தோடு மோத இந்த வாதம் ஒரு கட்டத்தில் உதவியது என்பதை மறுக்கவில்லை. ஆனால் இன்று அது, எதற்கும் பதில் சொல்லாமல் நழுவுவதற்கான சாக்காகிவிட்டது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 1927இல் எழுதிய கட்டுரையில் ஹைசன்பர்க் பெரிதும் கையாண்ட ஜெர்மன் சொற்கள் 'துல்லியமின்மை', 'நிர்ணயமின்மை' என்ற பொருள் தருபவை. ஆங்கிலத்தில் பரவிய சொல்லோ அறிகிறவரின் ஐயத்தைக் குறிப்பது. தமிழில் 'நிச்சயமின்மை' என்றபோது நாமும் அந்த வழியிலேயே போனோம். பொருளின் பண்பு, ஆளின் சந்தேகமாகிவிட்டது.

கோட்பாடு சொல்வதோ கறாரான கணக்கு. ஒரு துகளின் இருப்பிடத்தில் உள்ள பரவலையும் உந்தத்தில் உள்ள பரவலையும் பெருக்கினால் வருவது ஓர் எல்லைக்குக் கீழே போகாது. பிளாங்க் மாறிலியை 4 பையால் வகுத்தால் கிடைப்பது அந்த எல்லை. ஜூல்-விநாடி அலகில் எழுதினால் தசமப் புள்ளிக்குப் பின் 34 சுழியம் போட்ட பிறகுதான் முதல் இலக்கம் வரும். வரம்பு எங்கே என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்கிற கோட்பாட்டையா 'எதுவும் தெரியாது' என்பதற்குச் சாட்சிக்கு இழுப்பது?

'பார்ப்பவனே யதார்த்தத்தைப் படைக்கிறான்' என்பது அடுத்த பல்லவி. பார்ப்பதற்காகப் பாய்ச்சும் காமாக் கதிர் எலெக்ட்ரானைத் தள்ளிவிடுகிறது என்று ஒரு கற்பனைச் சோதனை மூலம் ஹைசன்பர்க் விளக்கினார். அது போதாது என்று நீல்ஸ் போர் மல்லுக்கு நின்றார். அச்சுக்குப் போன கட்டுரையில் ஹைசன்பர்க் பின்குறிப்பு சேர்க்க வேண்டியதாயிற்று. நீல்ஸ் போருக்கு முக்கியம் சோதனைக் கருவியின் முழு அமைப்பு. அங்கே பார்க்கிறவர் மனசுக்கு வேலையில்லை. ஒரு புகைப்படத் தகடு போதும். அதே அமைப்பை யார் வைத்தாலும் அதே நிகழ்தகவுகள்தான்.

இது வெறும் சொல் விவகாரமில்லை. 1986இல் செர்னோபிலில் வெளியேறிய சீசியம்-137ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு குறிப்பிட்ட அணுக்கரு நாளைக்குச் சிதையுமா, நூறு வருஷம் கழித்தா என்று எவராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தத்தில் பாதி சிதைய ஏறத்தாழ 30 வருஷம் ஆகும். 2016இல் மறுபாதி அப்படியே இருந்தது. ஒற்றை அணுவின் நிர்ணயமின்மையைக் காட்டி, கதிரியக்கம் இருப்பதே நிச்சயமில்லை என்று ஓர் அதிகாரி சொன்னால் சும்மா விடுவோமா? சாட்சிகள் முரண்படுவதைக் காட்டி, படுகொலை நடந்ததா என்பதே மொழியின் விளையாட்டு என்கிற விமர்சகரை மட்டும் ஏன் விட்டுவிடுகிறோம்?

குவாண்டம் இயற்பியலிலிருந்து விமர்சகருக்கு ஏதாவது வேண்டுமென்றால் நீல்ஸ் போரின் கறாரை எடுத்துக்கொள்ளட்டும். எங்கே நின்று, எந்தக் கருவியால் பார்த்தேன் என்று சொல்லட்டும். சாதி, வர்க்கம், பால் எல்லாம் நம் கருவியின் பாகங்கள்தான். இதுவும் உவமைதான், நிரூபணமல்ல. ஆனால் கருவியைச் சொன்னதோடு வேலை முடிந்துவிடாது. அதில் பதிந்ததையும் சொல்லியாக வேண்டும்.