நீர் மேல்நோக்கி ஓடுமா?

"கூலியை உயர்த்தாதீர், உயர்த்தினால் வாடப்போவது ஏழைதான்!" என்றோர் உபதேசம் உண்டு. ஆலை முதலாளி இதை உரைத்தால், ஆதாயம் தேடுவோன் அப்படித்தான் அளப்பான் என்று நகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் உபதேசம் வந்தது முதலாளியின் வாயிலிருந்து மட்டுமன்று. பல்கலைக்கழகப் பீடத்திலிருந்தும் வந்தது. படம் வரைந்து, பாகம் குறித்து, விதி என்று பெயர் சூட்டி வந்தது. கல்லூரியில் பொருளாதாரம் பயின்ற எவரும் அந்தப் படத்தை மறந்திருக்க முடியாது. கரும்பலகையில் இரண்டு கோடுகள்; ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். அவை வெட்டிக்கொள்ளும் புள்ளியே நியாயமான கூலி. சட்டம் புகுந்து அதற்கு மேலே கூலியை வைத்தால் முதலாளி ஆளைக் குறைப்பான். ஆகவே சட்டம் காக்க நினைத்தவனையே கொல்லும். முடிந்தது பாடம்! மாணவர் எழுதிக்கொண்டோம், தேர்வில் ஒப்புவித்தோம், மதிப்பெண்ணும் பெற்றோம். "ஐயா, எங்கேனும் போய் எண்ணிப் பார்த்தார்களா?" என்று கேட்ட மாணவர் எத்தனை பேர்?

அப்படிக் கேட்டவர் இருவர் எழுதிய நூலைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். டேவிட் கார்டு, ஆலன் குரூகர் எனும் இரு பொருளியலறிஞர்களின் நூல் அது. 1995-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. பெயர், "கட்டுக்கதையும் அளவீடும்" எனப் பொருள்படும். பெயரே நம்மை ஈர்த்தது என்பதை மறைப்பானேன்? கதை ஒரு தட்டில், அளவுகோல் மறு தட்டில். எது கனக்கிறது பார் என்கிறது தலைப்பு.

நூலின் இதயம் நியூ ஜெர்சி மாநிலத்தில் துடிக்கிறது. அங்கே 1992 ஏப்ரல் முதல் நாள், குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. அந்நாளில் அமெரிக்க மாநிலங்கள் எதிலும் இவ்வளவு உயர்ந்த சட்டக்கூலி இல்லை. 1990-இல் சட்டம் இயற்றியபோது இருந்த வளம், நடைமுறைக்கு வந்தபோது இல்லை. வணிகம் மந்தம், வேலையின்மை பெருக்கம். பக்கத்து மாநிலம் பென்சில்வேனியா. நதி ஒன்றுதான் எல்லை. அங்கே கூலி பழைய 4.25-இலேயே நின்றது.

இதைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் வேண்டுமா? வேதியியலார் இரு குடுவை எடுத்து, ஒன்றில் மட்டும் அமிலம் ஊற்றி வேற்றுமை காண்பர். இங்கே இரு மாநிலங்கள். ஒன்றில் மட்டும் சட்டம். அடித்தட்டுக் கூலிக்கு ஆள் எடுக்கும் துரித உணவுக் கடைகளை அவ்விருவர் தேர்ந்தனர். பர்கர் கிங், கே.எஃப்.சி., வெண்டீஸ், ராய் ராஜர்ஸ் எனும் நான்கு வணிகப் பெயர்களில் இயங்கியவை. மொத்தம் 410 கடைகள். 331 நியூ ஜெர்சியில், 79 கிழக்குப் பென்சில்வேனியாவில். கூலி உயருமுன் பிப்ரவரி, மார்ச்சுத் திங்களில் தொலைபேசியில் அழைத்து எத்தனை ஆள், என்ன கூலி, என்ன விலை என்று கேட்டனர். உயர்ந்தபின் நவம்பர், டிசம்பரில் மறுபடி கேட்டனர். இரண்டாம் முறை தொலைபேசியில் பதில் தராத கடைகளுக்கு ஆளையே அனுப்பினர். மூடிய கடை எது, பெயர்ப்பலகை மாறிய கடை எது என்று ஒன்றுவிடாமல் குறித்துக்கொண்டனர். இந்தச் சலிப்பூட்டும் பொறுமையை நாம் மெச்சுகிறோம். கடை மூடியதை விட்டுவிட்டுக் கணக்குச் சொல்வது எளிது. அப்படிச் சொன்ன கணக்குக்கு விலையும் இல்லை.

கிடைத்த எண்கள் இவை. பகுதி நேரத்தார் இருவரை ஒரு முழு ஆளாகக் கொண்டால், நியூ ஜெர்சிக் கடை ஒன்றில் சராசரி 20.44 பேர் இருந்தனர். கூலி உயர்ந்தபின் 21.03. பென்சில்வேனியாவில் 23.33 பேர், பின்னர் 21.17. கூலி உயராத இடத்தில் ஆள் குறைந்தது. கூலி உயர்ந்த இடத்தில் குறையவில்லை! இரு மாற்றங்களின் இடைவெளி ஏறத்தாழ 2.75 ஆள்.

இந்த இடத்தில் அவசரப்படும் நண்பர்கள் உண்டு. "கூலி உயர்ந்தால் வேலை பெருகும் என்று மெய்ப்பித்துவிட்டார்கள்" என்று மேடையில் முழங்குவர். நூல் அப்படி முழங்கவில்லை; நாமும் முழங்கக்கூடாது. வேலை குறையும் என்ற தீர்ப்புக்குச் சான்று கிடைக்கவில்லை என்பதே அதன் கூற்று. இரண்டு வகுப்புகளை எடுத்துக்கொள்வோம். ஒன்றில் புதிய முறையில் கணக்குக் கற்பிக்கிறோம்; மற்றதில் பழைய முறை. ஆண்டிறுதித் தேர்வு கடினமாக அமைந்து இரு வகுப்பிலும் மதிப்பெண் சரியக்கூடும். புதிய முறை வகுப்பை மட்டும் பார்ப்பவன், முறை கெட்டது என்பான். மற்ற வகுப்பையும் பார்ப்பவனே எவ்வளவு சரிவு தேர்வினால், எவ்வளவு முறையினால் என்று பிரித்தறிவான். ஆனால், அவ்விரு வகுப்பும் மற்ற எல்லாவற்றிலும் ஒத்தவையா என்ற ஐயம் அப்போதும் எஞ்சும். அந்த ஐயம் நூலாசிரியர்க்கும் இருந்தது. ஆகவே நியூ ஜெர்சிக்குள்ளேயே, முன்னமே 5 டாலரும் அதற்கு மேலும் தந்துவந்த கடைகளைத் தனியே எடுத்தனர். சட்டம் அவற்றைத் தொடவில்லை அல்லவா? அவற்றோடு, சட்டம் தொட்ட கடைகளை ஒப்பிட்டனர். அங்கும் ஆட்குறைப்பைக் காணோம்.

பின் கூடுதல் கூலிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? உண்டவன் கொடுத்தான். ஒரு குளிர்பானம், சிறு பொட்டலம் உருளைக்கிழங்கு வறுவல், ஒரு முதன்மை உணவு ஆகிய மூன்றன் விலை, பென்சில்வேனியாவை நோக்க நியூ ஜெர்சியில் ஏறத்தாழ 4 விழுக்காடு மிகுதியாக ஏறியது. கூலிச்சுமையை ஈடுகட்ட அது போதும்.

நூல் வெளிவந்ததும் பண்டிதர் உலகம் கொதித்தது. 1986-இல் நோபெல் பரிசு பெற்ற ஜேம்ஸ் புக்கானன், 1996-இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஏட்டில் எழுதியதன் சாரம் இது: நீர் மேல்நோக்கி ஓடும் என்று எந்த இயற்பியலாரும் சொல்லார், அதுபோல, குறைந்தபட்சக் கூலி உயர்ந்தால் வேலை பெருகும் என்று தன்மதிப்புள்ள எந்தப் பொருளியலாரும் சொல்லார். உவமை அழகுதான். ஆனால் இயற்பியலார் நீர் கீழ்நோக்கி ஓடுகிறது என்று நம்புவது ஏன்? பார்த்ததால்! குழாய் வைத்தால், அழுத்தம் தந்தால், அதே நீர் மாடிக்கும் ஏறுகிறதே, அதையும் அவர் பார்த்திருக்கிறார். காண மறுக்கும் இயற்பியலை யாம் அறியோம். சாத்திரத்தில் இல்லாதது சந்தையிலும் இராது என்பது வைதீகரின் வழக்கு. கோட் அணிந்தவர் சொன்னாலும் அது அதுவே. தம் துறைக்கே இரண்டகம் செய்தவராகச் சிலர் தம்மைக் கருதினர் என்றும், நண்பர் பலரை இழக்க நேர்ந்ததால் இந்தப் பொருளையே விட்டு விலகினதாகவும் கார்டு பின்னாளில் பேட்டியில் கூறினார்.

நேர்மையான எதிர்ப்பும் இருந்தது. அதை மறைப்பது நம் வேலையன்று. தொலைபேசியில் மேலாளர் சொல்லும் ஆட்கணக்கு எத்தனை துல்லியம் என்று டேவிட் நியூமார்க், வில்லியம் வாஷர் இருவரும் கேட்டனர். சம்பளப் பதிவேடுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததென்றே முடிவு கூறினர். அப்பதிவேடுகளின் முதற்பகுதியைத் திரட்டித் தந்தது, உணவுவிடுதித் தொழிலாரின் பணத்தில் நடந்த ஓர் அமைப்பு. இதைச் சுட்டிவிட்டு நழுவிவிடலாம். ஆனால் பணம் யாருடையது என்பது கணக்குக்கு விடையாகாது. எனவே கார்டும் குரூகரும் அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையிடமிருந்த பதிவேடுகளைக் கொண்டு மீண்டும் கணக்கிட்டனர். குறிப்பிடத்தக்க வேலையிழப்பு அதிலும் தென்படவில்லை. இரு தரப்பும் 2000-இல் ஒரே ஆய்விதழில் வெளிவந்தன. பின்னர் வந்தோர் அமெரிக்கா முழுவதும் விரித்துப் பார்த்தனர். 1979 முதல் 2016 வரை மாநிலங்கள் செய்த 138 உயர்வுகளை எடுத்து நால்வர் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, புதிய கூலிக்குக் கீழே மறைந்த வேலைகள் ஏறத்தாழ அத்தனையும் அதற்குச் சற்று மேலே தோன்றின என்று கண்டது. வழக்கு முற்றும் முடியவில்லை. கூலியை எவ்வளவு உயர்த்தினால் சேதம் தொடங்கும் என்பது இன்றும் விவாதப்பொருளே. 80 சென்ட் உயர்வைக் கண்டு சொன்னது, பத்து டாலர் உயர்வுக்குச் செல்லாது.

நூலில் நம் உள்ளம் கவர்ந்த இயல் பலர் கண்ணில் படாத ஒன்று. பழைய ஆய்வுகளை எல்லாம் வரிசையில் நிறுத்தி விசாரிக்கிறது அது. ஆண்டுகள் ஏற ஏற ஆய்வாளர் கையில் தரவு மிகும். தரவு மிக மிக, உண்மையான விளைவு இருந்தால் அது தெளிவாகத் தெரிய வேண்டும். புள்ளியியலின் அரிச்சுவடி இது. பழைய ஆய்வுகளிலோ தரவு பெருகியும் தெளிவு பெருகவில்லை. ஆய்விதழ் ஏற்கும் எல்லைக்கோட்டை ஒட்டியே முடிவுகள் நின்றன. விரும்பிய விடை வந்த ஆய்வு அச்சேறியது. வராதது மேசை அறையில் உறங்கியது எனும் ஐயத்தை ஆசிரியர்கள் எழுப்புகின்றனர். பலித்த சோதிடம் ஊரெல்லாம் பரவுகிறது. பலிக்காதது யார் நினைவில் நிற்கிறது?

குறைகளும் கூறுவோம். வேலை ஏன் குறையவில்லை என்பதற்கு நூல் தரும் விளக்கம் மெலிந்தது. ஜோன் ராபின்சன் 1933-இலேயே எழுதினார்: உழைப்பை வாங்குவோர் சிலரே ஆயின், அவர்கள் கூலியை அமுக்கி வைக்க முடியும்; அமுக்கிய கூலியைச் சட்டம் உயர்த்தினால் ஆள் குறைய வேண்டிய கட்டாயம் இல்லை. முதலாளிகள் கூலியை உயர்த்தாமலிருக்க ஓசையின்றி ஒன்றுபட்டே இருக்கிறார்கள் என்று 1776-இலேயே ஆடம் ஸ்மித் குறித்தார். அவரைச் சந்தைக் கடவுளின் தூதராக்கியவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. இந்த வழியில் நூல் சில அடிகள் நடந்து, தயங்கி நின்றுவிடுகிறது.

மற்றொன்று இதனினும் பெரிது. 410 கடைகளிலும் பதில் சொன்னவர் மேலாளர். அடுப்படியில் நின்றவரிடம், மேசை துடைத்தவரிடம், கூடுதல் 80 சென்ட் உன் வீட்டில் என்ன செய்தது என்று எவரும் கேட்கவில்லை. வறுமையைக் குறைப்பதில் குறைந்தபட்சக் கூலியின் ஆற்றல் மிதமானதே என்று நூல் ஒப்புகிறது. ஆனால் யார் வறியர், ஏன் வறியர் என்று துருவவில்லை. 1938-இல் அமெரிக்கா கூலிச்சட்டம் இயற்றியபோது வயற்கூலிகளும் வீட்டு வேலையாளரும் விலக்கப்பட்டனர். அவர்களில் கறுப்பர் ஏராளம். 1963-இல் வாஷிங்டனில் திரண்ட பேரணி, வாக்குரிமையோடு மணிக்கு 2 டாலர் கூலியும் கேட்டது. 1966-இல் சட்டம் திருத்தப்பட்டு, வயல், உணவுவிடுதி, மருத்துவ விடுதி ஆகியவற்றில் பணியாற்றியோருக்கு 1967 முதல் பாதுகாப்பு கிட்டியது. வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் இடையே இருந்த வருவாய்ப் பிளவு அக்காலத்தில் சுருங்கியதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த விரிவாக்கத்தால்தான் என்று, எல்லோரா டெரநான்கோர்ட், கிளேர் மோந்தியாலூ எனும் இரு பெண் அறிஞர்கள் 2021-இல் காட்டினர். சட்டத்தின் வேலியை எங்கே போட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்று கேட்டதால் கிடைத்த விடை இது. 1995-ஆம் ஆண்டு நூல் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

குரூகர் 2019-இல் மறைந்தார். கார்டுக்கு 2021-இல் பொருளியலுக்கான நோபெல் பரிசின் பாதி வழங்கப்பட்டது. அமெரிக்க நடுவணரசின் குறைந்தபட்சக் கூலியோ 2009 ஜூலையில் 7.25 டாலர் ஆயிற்று. அதன்பின் பதினைந்து ஆண்டுகள் கழிந்தும் ஒரு சென்ட் ஏறவில்லை. உண்போர் தரும் அன்பளிப்பை நம்பிப் பரிமாறுவோர்க்கு, முதலாளி கையிலிருந்து தரவேண்டியதாக 1991-இல் விதித்த 2.13 டாலரும் அவ்வாறே அசையாமல் கிடந்தது.