லா ஸ்காலாவின் மேல்மாடம்

மிலான் நகரின் லா ஸ்காலா இசைநாடக அரங்கை வெளியிலிருந்து பார்த்தால் அடக்கமான கட்டடம்தான், அழகெல்லாம் உள்ளே. பழைய அரங்கு 1776இல் தீக்கிரையானபின், ஒரு தேவாலயம் இருந்த இடத்தில் கட்டடக் கலைஞர் பியர்மரினி எழுப்பியது. 1778 ஆகஸ்ட் 3 அன்று இசையமைப்பாளர் சாலியேரியின் இசைநாடகத்தோடு திறந்தது. லாட வடிவக் கூடம், சிவப்பும் பொன்னுமாக அடுக்கடுக்கான மாடங்கள்.

என் மனம் போவது உச்சியிலுள்ள மலிவுக் கட்டண மாடத்துக்கு. அங்கே உட்காருபவர்கள் கறாரான ரசிகர்கள். சுரம் பிசகினால் எப்பேர்ப்பட்ட பாடகரையும் விடமாட்டார்கள். 2006இல் 'ஐடா' இசைநாடகம் நடக்கையில் எழுந்த கூச்சலில் பாடகர் ராபர்ட்டோ அலான்யா மேடையை விட்டே வெளியேறினார். 1904இல் இதே அரங்கின் கேலிக்கு ஆளான 'மதாமா பட்டர்ஃபிளை' இசைநாடகத்தை இசையமைப்பாளர் புச்சினி திருத்தி எழுதினார். அது உலகை வென்றது. அந்தக் கறார்தான் இந்த அரங்கின் உயிர் என்பேன்.

இரண்டாம் உலகப் போரில், 1943 குண்டுவீச்சில் அரங்கின் கூரை சரிந்தது. 1946 மே 11இல், நாடு திரும்பிய இசை நடத்துநர் டோஸ்கானினி நடத்திய கச்சேரியோடு மீண்டும் திறந்தார்கள். மிலான் போனால் மேல்மாடத்துச் சீட்டையே வாங்குங்கள்.