விரைவும் வரிசையும்

திட்டப் பொருளாதாரத்தினின்றும் சந்தைப் பொருளாதாரத்துக்கு மாறிய நாடுகளை ஆராய்வோர் பலர், சீர்திருத்தம் விரைந்து நிகழ்ந்ததா, படிப்படியாக நிகழ்ந்ததா என்பதனையே அளவுகோலாகக் கொள்வர். போலந்தையும் இரசியாவையும் 'அதிர்ச்சி வைத்தியம்' என்னும் ஒரே பெயரால் அவர் வழங்குவர். இப்பாகுபாடு மீள ஆராயற்பாலது.

போலந்தில் பால்செரோவிச் வகுத்த திட்டம் 1990 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. இரசியா 1992 ஜனவரி 2இல் விலைகளைக் கட்டவிழ்த்தது. இதுவரை இரண்டும் விரைவில் ஒத்தனவே. அடுத்த படியிலேயே அவை பிரிந்தன. போலந்து சிறு கடைகளை உடனே தனியாரிடம் விட்டது. பெருந்தொழில்களை ஆறுதலாகவே கைமாற்றியது. இரசியாவோ 1992 ஒக்டோபரில் 10,000 ரூபிள் முகப்பெறுமதியுடைய உரிமைச்சீட்டுக்களைக் குடிமக்களுக்கு வழங்கத் தொடங்கி, 1994 நடுப்பகுதிக்குள் பல்லாயிரம் தொழில் நிலையங்களைக் கைமாற்றியது. அவ்வாண்டு 1992இல் மட்டும் நுகர்வு விலைகள் ஏறத்தாழ 26 மடங்காயின, சேமிப்பு கரைந்தது. பங்குதாரரைக் காக்கும் சட்டம் வலுப்பெறுமுன் சொத்து கைமாறியமையால், சீட்டுப் பெற்றோர் பலர் உடைமையாளர் ஆயினாரல்லர். 1995இல் 'கடனுக்குப் பங்கு' ஏற்பாட்டினால் எண்ணெய், உலோக நிறுவனங்கள் சில, ஒரு சிலர் கையிற் சேர்ந்தன.

போலந்துக்கு 1991இல் கடன் தள்ளுபடி கிடைத்தது. இரசியாவோ சிதைந்த பேரரசொன்றின் சுமையைத் தாங்கியது. தாமதித்திருப்பின் முகாமையாளரே சொத்தைச் சூறையாடியிருப்பர் என்பாரும் உளர். இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயினும், காப்பாரற்ற உடைமையை விரைந்து பகிர்தல் அச்சூறையைத் தடுத்திலது. எனவே எத்துணை விரைவு என வினவுமுன், எதன்முன் எது என வினவுதலே தகும்.