தேறல் வார்த்த கை

சுவையை நாடி நெடுந்தொலைவு செல்வது இக்காலச் செல்வர் கண்ட புதுவழக்கம் என்று பலரும் எண்ணுவர். பீர் என்னும் தானிய மதுவைச் சுவைப்பதற்கென்றே ஊர்களைத் தேர்ந்து வரிசைப்படுத்தும் பயண நூல்கள் மேலைநாடுகளில் மிகுந்துள்ளன. 1759-இல் ஆர்தர் கின்னஸ் ஒன்பதாயிரம் ஆண்டுக் குத்தகைக்கு ஆலையை எடுத்த டப்ளின். 1810-இல் பவேரிய இளவரசரின் திருமணத்தையொட்டித் தோன்றிய அக்டோபர் விழாவை இன்றும் கொண்டாடும் மியூனிக். 1842-இல் பொன்னிற பீரை உலகுக்கு அளித்த பில்சன். 1847-இல் யாக்கோப்சன் கார்ல்ஸ்பர்க் ஆலையை நிறுவிய கோப்பன்ஹேகன். இவற்றுள் எவ்வூர் கனவுக்குரியது என்பதே அந்நூல்கள் எழுப்பும் வினா. பெல்ஜிய நாட்டின் பீர்ப் பண்பாட்டை 2016-இல் யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டதும் இவ்வகை எழுத்துக்கு ஒரு மதிப்பைத் தந்துள்ளது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு இப்பெயர்கள் முற்றிலும் அயலானவை அல்ல. சுங்கைவேயில் 1960-களில் எழுந்த கின்னஸ் ஆலை இன்று ஹைனக்கன் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஷா ஆலமில் 1972 முதல் கார்ல்ஸ்பர்க் ஆலை இயங்கி வருகிறது. ஆயினும், இவ்வாலைகளைப் போற்றுவதோ தூற்றுவதோ நம் நோக்கமன்று. மதுவை நோக்கிய பயணத்தை ஓர் இலக்கியப் பொருளாகக் கொண்டால், அதனை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. அவ்வளவுகோலைத் தேடி நாம் மேற்கே செல்ல வேண்டுவதில்லை. தமிழில் அது பத்துப்பாட்டிலேயே உள்ளது.

வழிகாட்டும் இலக்கியம்

பத்துப்பாட்டினுள் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசு பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொரு கலைஞனை அவ்வள்ளலிடம் வழிப்படுத்துவதே ஆற்றுப்படை என்பது தொல்காப்பியப் புறத்திணையியல் தரும் இலக்கணம். முருகனிடம் ஆற்றுப்படுத்தும் திருமுருகாற்றுப்படை நீங்கலாக, எஞ்சிய நான்கும் மண்ணில் வாழ்ந்த புரவலரை நோக்கி வழி சொல்கின்றன. எந்தக் காட்டைக் கடப்பது, எந்த ஊரில் தங்குவது, அங்கே யார் என்ன உணவு தருவர், என்ன பருகலாம் என்பன அவற்றில் விரிவாக வருகின்றன. நம் மொழியின் முதற்பயணக் கையேடுகள் இவையே எனலாம்.

சிறுபாணாற்றுப்படையை எடுத்துக்கொள்வோம். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய நத்தத்தனார், கடற்கரையிலுள்ள எயிற்பட்டினத்தில் பாணனை நிறுத்துகிறார். அங்கு நுளையர்குலப் பெண் வடித்தெடுத்த பழந்தேறலைப் பரதவர் கொடுப்பர். உடன் சுட்ட உலர்ந்த குழல்மீனும் கிடைக்கும் என்கிறார். எந்த மதுவுக்கு எந்த உணவு துணையாகும் என்று இன்றைய பயண நூல் கூறும் நுட்பம் இங்கே சில அடிகளுள் அடங்கிவிடுகிறது. மலைபடுகடாமோ மலைவழியில் மூங்கிற்குழாயில் விளைந்த தேன்தேறலைச் சொல்கிறது. நிலம் மாறும்தோறும் பானம் மாறுகிறது. பானம் மாறும்தோறும் அதைத் தரும் மக்களும் மாறுகின்றனர்.

பெரும்பாணாற்றுப்படை கூறும் பீர்

இவற்றுள் மாணவர் ஊன்றிப் படிக்கத்தக்க பகுதி பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியில் இருந்த தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை ஆற்றுப்படுத்தும்போது, வழியில் வலைஞர் குடியிருப்பைக் காட்டுகிறார். அங்கே மது செய்யும் முறை படிப்படியாகச் சொல்லப்படுகிறது. தீட்டாத அரிசியைக் குழையக் களியாக்குகிறார்கள். அதனை வாயகன்ற தட்டுப் பிழாவில் இட்டு ஆறவைக்கிறார்கள். பின்னர், முளையை இடித்து அதனோடு கலப்பதாக உரை விளக்குகிறது. பகலும் இரவும் இருமுறை கழிய, வலிய வாயையுடைய சாடியில் பச்சை வாடை நீங்கும்வரை அது விளைகிறது. இறுதியில் விரலால் அலைத்துப் பிழிந்து, சுட்ட மீனோடு, நடந்து தளர்ந்தவனுக்குத் தருகிறார்கள்.

இதனைக் கள் என்ற ஒரே சொல்லால் கடந்துவிடுவது பொருந்தாது. பனையிலும் தென்னையிலும் இறக்கும் கள், பாளையின் சாறு தானாகப் புளித்து உண்டாவது. பெரும்பாணாற்றுப்படை கூறுவதோ தானியத்தைச் சமைத்து, முளையின் துணையால் அதன் மாவுப்பொருளை இனிப்பாக்கி, நுரைத்து விளையவிடும் முறை. பார்லியை முளைக்கவிட்டு உலர்த்தி இடித்து நீரில் ஊறவைக்கும் ஐரோப்பிய பீர் ஆலையின் அடிப்படை வேதியலும் இதுவே. நுரைக்கச் செய்யும் நுண்ணுயிரை 1883-இல் தூய நிலையில் தனித்தெடுத்தவர், கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்து எமில் கிறிஸ்டியன் ஹான்சன். அந்நுண்ணுயிரின் பெயரறியாத வலைஞர்குடியினர், அதன் செயலைக் காலத்தாலும் வாடையாலும் அளந்தறிந்திருந்தனர். அதே நூல் வேறோரிடத்தில் தோப்பி என்று சொல்வதும் நெல்லால் இல்லத்தில் சமைத்த மதுவையே என உரையாசிரியர் கூறுவர். நெல் பீர் என்று இன்று நாம் சொல்லக்கூடியதற்குத் தமிழில் பழம்பெயர் ஒன்று உண்டு என்பதை மாணவர் அறிதல் நன்று.

ஆயின் செய்முறை மட்டுமே ஒரு பகுதியை இலக்கியமாக்கிவிடாது. தளர்ந்து வருபவன் எவன் என்று அறியாமலே அவனுக்குச் சாடியைத் திறக்கும் வலைஞர் மனை அங்கே உள்ளது. நுளைமகள் வடித்தாள், பரதவர் கொடுத்தனர் என்று நத்தத்தனார் சொல்வதிலும் வடித்த கையும் வார்த்த கையும் தெரிகின்றன. பொருநராற்றுப்படையில் கரிகாலன் அரண்மனைப் பெண்கள் பொற்கலம் நிறையப் பலமுறை வார்த்துத் தர, பொருநனின் வழிநடை வருத்தம் நீங்குகிறது. விடைபெறும்போது பிரிய மனமில்லாத மன்னன் ஏழடி பின்னே நடந்து வந்து வழியனுப்புகிறான். அதியமானை இழந்த ஔவை பாடிய புறப்பாட்டில் (235), சிறிதளவு கிடைத்தால் எனக்கே தந்துவிடுவான் என்ற நினைவுதான் முதலில் எழுகிறது. அவர் இழந்தது கள்ளையன்று, தந்த கையை. எனவே ஆற்றுப்படையில் பயணத்தின் இலக்கு பானம் அன்று, ஆள். ஊர்களை வரிசைப்படுத்தும் இன்றைய நூல் கலத்தையும் நிறத்தையும் நுரையையும் நன்கு அறியும். வார்ப்பவர் பெயரை அது பெரும்பாலும் கேட்பதில்லை. இரண்டிற்கும் உள்ள தரவேறுபாடு இங்கேதான் பிறக்கிறது.

விலை நுழையும் இடம்

இந்த அளவுகோலைக் கையிலெடுப்பவர் ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். வள்ளல் வார்த்தது இலவசமா? போருக்கு முன் மறவர்க்குக் கள் வழங்கிய மன்னரைப் புறநானூறு காட்டுகிறது. அம்மறவர் அதற்கு ஈடாகத் தந்தது உயிர். பாணனும் பொருநனும் தந்தது பாட்டு. அதனால் விளைந்தது மன்னனின் புகழ். கொடைக்கும் மறைமுகமான விலை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே கொடுத்தால் நன்று, விற்றால் தீது என்று எளிதாகப் பிரித்துவிட இயலாது. வார்த்த கை எதைத் திரும்பக் கேட்டது என்பதே சரியான வினா.

அவ்வினாவைத் திருக்குறளும் எழுப்புகிறது. 93-ஆம் அதிகாரமாகிய கள்ளுண்ணாமையைப் பொதுவான ஒழுக்கப் போதனையாக மட்டுமே வகுப்பறைகளில் படித்து முடித்துவிடுகிறோம். அஃது அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், வரைவின் மகளிர்க்கும் சூதுக்கும் இடையே வைக்கப்பட்டுள்ளது. மூன்றும் பொருளை இழக்கும் வழிகள். 925-ஆம் குறளில், பொருளைக் கொடுத்துத் தன்னை அறியாத நிலையை வாங்கிக்கொள்வது பேதைமை என்று வள்ளுவர் கருதுகிறார். பத்துப்பாட்டில் விருந்தாக வந்த பானம் இங்கே விலைப்பொருளாகிவிட்டது. 923-ஆம் குறள் ஈன்ற தாயின் முகத்தை நினைவூட்டுவதும் நோக்கத்தக்கது. வாங்குபவனின் இழப்பு அவன் பையோடு நிற்பதில்லை என்பதை அம்முகம் காட்டுகிறது.

கிள்ளானின் பாடம்

விலை நுழைந்தபின் வார்க்கும் கை என்னவாகும் என்பதற்கு நம் கிள்ளானே சான்று. காலனியாட்சிக் காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் இயங்கின. பால்மரம் சீவிப் பெற்ற கூலியில் ஒரு பகுதி அதே தோட்டத்துக் கள்ளுக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஆற்றுப்படையில் தொலைவிலிருந்து வந்தவனுக்குப் புரவலன் வார்த்தான். இங்கேயும் தொலைவிலிருந்து வந்தவனுக்கே வார்க்கப்பட்டது. ஆனால், அவன் வாழ்ந்த இடத்தை விட்டு நகராதிருக்கவும் தன் நிலையை எண்ணாதிருக்கவும் அஃது உதவியது.

தொழிலாளர்கள் இதை உணராதவர்கள் அல்லர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த வேலைநிறுத்தம் நம் வரலாற்றின் பெருநிகழ்ச்சி. அதற்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன் தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றியவர். 1924 முதல் 2019 வரை நம்மிடையே வாழ்ந்த இதழ் அது. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, துரையின் முன் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டும் என்ற இழிவின் ஒழிப்பு ஆகிய கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்றாக இருந்தது. நாதன் கைதாகி இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். 1947-இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் நின்று போராடியதும் இதன் தொடர்ச்சியே. கல்வியும் கூலியும் கேட்ட அதே மூச்சில் கடையை மூடக் கேட்டவர்கள், மதுவை ஒருவனுடைய தனிக்குறையாகக் கருதவில்லை என்பது தெளிவு. அவர்கள் வார்க்கும் கையைக் கண்டுகொண்டவர்கள்.

நம் புனைகதையின் குறை

இவ்விடத்தில் நம் தோட்டப்புறக் கதைகளைக் குறித்து ஒன்று கூறவேண்டியுள்ளது. குடிகாரத் தந்தை அவற்றில் பழகிப்போன பாத்திரம். சம்பள நாளில் தள்ளாடி வருகிறான், மனைவியை அடிக்கிறான், மகளின் படிப்பைக் கெடுக்கிறான், இறுதியில் இறக்கிறான் அல்லது திருந்துகிறான். இத்துன்பம் உண்மையானது, அதை எழுதியவர்களின் நெஞ்சமும் உண்மையானது. ஆயினும் இத்தகைய கதை பலவற்றில் கள்ளுக்கடை வெறும் இடமாக நிற்கிறது. அதனை யார் நடத்தினார், உரிமம் யார் தந்தார், அவன் கொடுத்த காசு எங்கே போயிற்று என்பன கதைக்குள் வருவதில்லை. 1941-இல் எழுத்தறிவு குறைந்த தொழிலாளி கேட்ட வினாவை, பின்வந்த படித்த எழுத்தாளர் கேட்க மறந்தது வியப்பிற்குரியது. பயண நூல் பானத்தை மட்டும் கண்டது போல, இக்கதைகள் குடித்தவனை மட்டும் கண்டன. இரண்டிலும் வார்த்த கை மறைந்துபோயிற்று.

குடித்தவனின் பொறுப்பைத் தள்ளிவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. அடிபட்ட மனைவிக்குக் கடையின் வரலாறு மருந்தாகாது. ஆனால், ஒருவனுடைய வீழ்ச்சியைக் காட்டும் இலக்கியம், அவனைச் சூழ்ந்த உலகத்தையும் காட்டினால்தான் அவ்வீழ்ச்சி நமக்கு விளங்கும். அன்றேல் அஃது அறிவுரையாகச் சுருங்கும். அறிவுரையை வாசகன் எளிதில் மறந்துவிடுவான்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்துப்பாட்டைக் கற்பிக்கும்போது தேறல் வரும் அடிகளில் கூசித் தயங்கி, அதைத் தேனென்றோ பழச்சாறென்றோ மாற்றிச் சொல்ல வேண்டா. மாணவர் அகராதியைப் புரட்டினால் உண்மை தெரிந்துவிடும். நம்மீதுள்ள நம்பிக்கைதான் குறையும். அவ்வடிகளையும் கள்ளுண்ணாமை அதிகாரத்தையும் கிள்ளான் வேலைநிறுத்தத்தையும் ஒருசேர வைத்துக் கற்பித்தால், இலக்கியம் எவ்வாறு ஒரே பொருளை வெவ்வேறு காலத்தில் வெவ்வேறாக எடைபோடுகிறது என்பதை அவர்கள் தாமே உணர்வர்.

இளம் எழுத்தாளர்க்கோ இங்கே எழுதப்படாத ஓர் ஆற்றுப்படை காத்திருக்கிறது. செங்கற்சூளையால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளான் வரையிலான வழியில், தென்னையேறிக் கள் இறக்கியவர், கடையில் அதை அளந்து ஊற்றியவர், கடைவாசலில் பிள்ளையோடு காத்து நின்ற மனைவி, ஆலையில் இரவுமுறை வேலைபார்த்த தொழிலாளி எனப் பாடப்படாத கைகள் பல உள்ளன. அக்கைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைக்கும் எழுத்து, உலகின் எந்த பீர் நகரத்தைப் பற்றிய நூலுக்கும் குறைந்ததாக இராது. மதுவைப் பற்றி எழுதப்பட்ட எதனைக் கையிலெடுத்தாலும் மாணவர் இரண்டு வினாக்களைக் கேட்கட்டும்: வார்த்த கை யாருடையது? அது எதைத் திரும்பக் கேட்டது? இவற்றிற்கு விடைதரும் எழுத்தே நிலைத்து நிற்கும்.