பெட்டையில் மறைந்திருக்கும் வால்

சிறுமலை அடிவாரத்துத் தோட்ட வீடுகளில் சில இடங்களில் ஒரு கட்டையை நட்டு, அதன் தலையில் குறுக்குச் சட்டம் அடித்து, ஒற்றைச் சேவலை அதில் ஏற்றிவிட்டிருப்பார்கள். குழம்புக்கு வளர்க்கிற சேவலுக்கு யாரும் இப்படி மேடை போட்டுக் கொடுப்பதில்லை. அங்கே நிற்பது கிளிமூக்கு விசிறிவால். குட்டையாகத் தடித்துக் கீழ்நோக்கி வளைந்த மூக்கு. தலையோடு ஒட்டிய சிறு கொண்டை. தாடி இருக்கிறதா என்று தேட வேண்டும். விழி வெளுத்திருக்கும். நிமிர்ந்த கழுத்து, அகன்ற தோள், அதற்குப் பின்னால் சரிந்து இறங்கி மண்ணைத் தொடப் பார்க்கிற வால். திண்டுக்கல்லில் இதற்கென்றே கண்காட்சி வைத்து, நடுவர்களை உட்காரவைத்துப் பரிசு கொடுக்கிறார்கள். நல்ல சேவலுக்கு லட்சத்தில் விலை சொல்கிறார்கள், அந்த விலைக்கு வாங்கவும் ஆள் வருகிறது.

கூட்டம் சேவலைச் சுற்றித்தான் நிற்கும். அதில் தவறில்லை, கண்ணுக்கு விருந்து அங்கேதானே இருக்கிறது. ஆனால் பல வருடம் இனம் எடுத்துக் கைபழகியவர்களின் வீட்டுக்குப் போனால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். அவர்கள் சேவலை இரண்டு நிமிடம் காட்டுவார்கள். பிறகு கொல்லைப் பக்கம் அழைத்துப்போய், பார்க்க ஒன்றுமே இல்லாத ஒரு செவலைப் பெட்டையைக் காட்டி, அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். இந்தக் கலை உண்மையில் அந்தப் பெட்டையிடம்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

நீண்ட வால் சேவலுக்கு மட்டும் வருவது. பெட்டையும் அதே வாலைத் தன் ரத்தத்தில் சுமக்கிறது, வெளியே காட்டுவதில்லை. வாலே இல்லாத ஒன்றைப் பார்த்து, இதன் வயிற்றில் எப்படிப்பட்ட வால் இருக்கும் என்று கணிக்க வேண்டும். பாட்டில் சுருதி பிடிக்கிற காது எத்தனை பேருக்கு இருக்குமோ, இந்தக் கண்ணும் அத்தனை பேருக்குத்தான் இருக்கும். மூக்கின் வளைவையும் கண்ணின் வெளுப்பையும் முகத்தின் அகலத்தையும் பெட்டையிடமே பார்த்துவிடலாம். வாலுக்குக் குறிப்புகள்தான் உண்டு. பெட்டையின் குட்டை வாலில் இறகு ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம், வால் தூக்கி நிற்கிறதா தாழ்ந்து கிடக்கிறதா, இடுப்பின் மேலே இறகு எவ்வளவு அடர்த்தி என்றெல்லாம் தடவிப் பார்ப்பார்கள். அதற்கும் மேலே நம்பகமான சாட்சி அதன் அண்ணன் தம்பிகள். ஒரே ஈட்டில் பொரித்த சேவல்கள் மூன்றுக்கும் வால் இறங்கியிருந்தால், அந்த ஈட்டுப் பெட்டையை எடுக்கலாம். ஒன்றுக்கு மட்டும் வந்து மற்ற இரண்டுக்கும் வரவில்லை என்றால், வந்த ஒன்று எவ்வளவு பேரழகனாக இருந்தாலும் கை வைக்க யோசிப்பார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு கணக்கும் உண்டு. மனிதரில் ஆணின் அணுதான் பிள்ளை ஆணா பெண்ணா என்று முடிவு செய்கிறது. கோழியில் அது தலைகீழ். சேவலிடம் இருப்பது இரண்டு இசட் குரோமோசோம். பெட்டையிடம் ஒரு இசட், ஒரு டபிள்யூ. பெட்டைக் குஞ்சுக்குக் கிடைக்கிற ஒரே இசட் தகப்பன் கொடுத்தது. அந்தப் பெட்டை வளர்ந்து முட்டையிட்டால், தன் ஆண் குஞ்சு ஒவ்வொன்றுக்கும் அதே இசட்டை அப்படியே கொடுத்துவிடுகிறது. ஆக, இசட்டில் உட்கார்ந்திருக்கும் குணங்களைப் பொறுத்தவரை, ஒரு பெரிய சேவல் செத்துப்போன பிறகு அதைத் தேட வேண்டிய இடம் மகள் வயிற்றுப் பேரன். குரோமோசோம் என்ற சொல்லைக் கேட்டிராதவர்களும் நல்ல சேவலின் மகளை விற்காமல் நிறுத்திவைத்துக்கொண்டார்கள். கணக்குத் தெரியாமலே விடை சரியாக வந்திருக்கிறது.

கொண்டை விஷயமும் இப்படி ஒளிந்து விளையாடுகிற விஷயம்தான். மெண்டலின் விதிகள் பட்டாணிச் செடிக்கு மட்டுமல்ல, உயிர்ப் பிராணிக்கும் பொருந்தும் என்று 1902-ல் வில்லியம் பேட்சன் காட்டியது கோழிக் கொண்டையை வைத்துத்தான். கிளிமூக்குக்கு உள்ள, மூன்று வரிசைப் பருக்களாகத் தலையோடு ஒட்டிய கொண்டை, ரம்பப் பல் போல நிமிர்ந்த சாதாரணக் கொண்டையை அமுக்கி வைக்கக் கூடியது. எனவே சிறு கொண்டையைப் பார்த்தவுடன் கலப்பில்லாத இனம் என்று சொல்லிவிட முடியாது. வெளியே ஒன்றும் தெரியாது. இரண்டு தலைமுறை கழித்து ஒரு ஈட்டில் ஒரே ஒரு குஞ்சு ரம்பக் கொண்டையோடு எழுந்து நிற்கும்போது, தாய் தகப்பன் இரண்டு பேரின் பழைய கதையும் அம்பலமாகும். அப்படி ஒரு குஞ்சு வந்தால் அதை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை விலைக்கு விடுகிறவர் வியாபாரி. ஜோடியையே பிரிக்கிறவர்தான் இனம் எடுக்கிறவர்.

ஜோடி போடுவது அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை. தோட்டத்தில் மேய்கிற சின்ன உடம்புச் சிறுவிடைக் கூட்டத்துக்கு எட்டு, பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். கிளிமூக்கு பெருவிடை இனம், உடம்பு கனம். நாலைந்து பெட்டைக்கு மேல் விட்டால் முட்டை கூமுட்டையாகும். சேவல் மிதித்த பிறகு பெட்டை அந்த விந்தைத் தன் கருப்பாதையின் மடிப்புகளில் சேமித்துவைத்து, இரண்டு மூன்று வாரம் வரை முட்டைக்கு முட்டை பயன்படுத்திக்கொள்ளும். பழைய சேவலை நேற்று எடுத்துவிட்டுப் புதிய சேவலை இன்று விட்டால், அடுத்த வாரத்து முட்டை யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று வாரமாவது பெட்டையைத் தனியே வைத்து, அந்த முட்டைகளை ஆம்லெட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு எண்ண ஆரம்பிப்பதுதான் முறை. பொறுமையில்லாத ஆட்களின் வம்சாவளிப் பேச்சை நான் பாதிதான் நம்புகிறேன்.

பெட்டைக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. தனக்குப் பிடிக்காத, கூட்டத்தில் கீழ்நிலையில் உள்ள சேவல் வலிந்து மிதித்தால், அதன் விந்தைப் பெட்டை உடனே வெளியே தள்ளிவிடுகிறது என்று 2000-ல் ஆய்வாளர்கள் பிசாரியும் பர்க்ஹெட்டும் நேச்சர் இதழில் எழுதினார்கள். நாம் ஜோடி போட்டால் மட்டும் போதாது. அவளும் சம்மதிக்க வேண்டும்.

நல்ல சேவல் அந்தச் சம்மதத்தை எப்படி வாங்குகிறது என்று பார்ப்பது இந்த ரசனையிலேயே சுவையான பகுதி. ஒரு புழுவைக் கண்டால் தான் தின்னாது. அலகால் எடுக்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும், தொண்டைக்குள் ஒரு ‘குக் குக்’ ஓசை போட்டுக் கூப்பிடும். பெட்டை வந்து கொத்தியதும் ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசிக்கொண்டு அரைவட்டம் அடிக்கும். இரையில்லாமலே பொய்யாகக் கூப்பிடுகிற சேவல்களும் உண்டு. பெட்டைகள் அந்தச் சேவலின் குரலுக்குச் சீக்கிரமே திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிடும். வானத்தில் நிழல் ஓடினால் ஒரு குரல், தரையில் பூனை நுழைந்தால் வேறு குரல். முதல் குரலுக்குக் குஞ்சுகள் வேலிக்குள் பதுங்கும், இரண்டாவதற்குத் தலைதூக்கிப் பார்க்கும். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை. வாலை முழம் போட்டுப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

நிறப் பெயர்களில் ஒரு வேடிக்கை. காகம், மயில், ஆந்தை, வல்லூறு, கீரி என்று நிறத்தை வைத்துச் சேவலுக்குப் பெயர் சொல்வது வழக்கம். குஞ்சைத் தூக்குகிற வல்லூறும், கூட்டுக்குள் புகுந்து கழுத்தைக் கடிக்கிற கீரியும் சேவலின் பட்டப்பெயர்களாகிவிட்டன. கோழிகளுக்கு இது தெரிந்தால் என்ன நினைக்குமோ.

ஒரே வளவில் இரண்டு சேவல் வைத்தால் வீட்டுக்காரருக்குத் தூக்கம் கெடும். ஒன்றாகப் பொரித்து ஒன்றாக வளர்ந்த அண்ணன் தம்பிகள்கூட, நடுவில் ஒரு பெட்டையை விடும் வரைதான் அண்ணன் தம்பி. அதனால் இனச்சேவல்களை ஒன்றை ஒன்று பார்க்காதபடி ஓலைத் தட்டி மறைத்துக் கட்டுகிறார்கள். கண் மறைந்தாலும் காது மறையாது. விடியலில் முதலில் கூவுகிறவன் யார் என்பது தற்செயல் இல்லை. கூட்டத்தில் மேல்நிலையில் உள்ள சேவல்தான் முதலில் கூவும், மற்றவை அந்த வரிசைப்படி பின்தொடரும் என்று ஜப்பானின் ஷிம்முராவும் யோஷிமுராவும் 2015-ல் எழுதினார்கள். அந்த வரிசை ஒருநாள் மாறினால், கட்டுகிற இடத்தையும் மாற்ற வேண்டும் என்று அனுபவசாலிக்குப் படுக்கையிலிருந்தே தெரியும்.

வாலைக் காப்பது தனி வேலை. பஞ்சாரம் தாய்க்கோழிக்கும் குஞ்சுக்கும் உரியது. விசிறிவாலைப் பஞ்சாரத்தில் கவிழ்த்தால் ஒரே ராத்திரியில் இறகு மடிந்துவிடும். மடிந்த இறகு அடுத்த முறை உதிர்ந்து முளைக்கும் வரை நிமிராது. அதற்காகத்தான் அந்தக் கட்டையும் குறுக்குச் சட்டமும். கீழே மணல் பரப்பியிருப்பார்கள், ஈரம் ஆகாது. இறகு உதிர்க்கிற காலத்தில் பெட்டையோடு விடுவதில்லை. உடம்பின் சத்தெல்லாம் புது இறகுக்குப் போக வேண்டும். இணை சேர்க்கிறபோது வால் குறுக்கே விழுந்து தடையாக இருக்கும் என்பதால், ஆசனவாயைச் சுற்றியுள்ள சிற்றிறகுகளைக் கத்தரித்துவிடுவதும் உண்டு.

இந்த ரத்தம் சண்டைக்கென்று வளர்க்கப்பட்ட பெருவிடை ரத்தம் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்திலும், இந்தளூர் என்ற ஊரிலும் சண்டையில் மாண்ட கோழிகளுக்கு எடுத்த பழைய நடுகற்கள் இருக்கின்றன, கோழியின் உருவத்தோடும் எழுத்தோடும். மனிதவீரனுக்குச் செய்யும் மரியாதையைச் சேவலுக்கும் செய்த ஊர் நமது. ஆனால் 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிராணிகளை மோதவிடுவதைக் குற்றமாக்கியது. காலில் கத்தி கட்டிப் பார்த்த வீரத்தை இப்போது மேசைமேல் நிறுத்தி அழகாகப் பார்க்கிறார்கள். எனக்கு இந்த மாற்றத்தில் வருத்தமே இல்லை. களத்தில் ஜெயித்த சேவலின் பெருமை அன்றைய பொழுதோடு சரி. ஒரு மூக்கின் வளைவை நாலு தலைமுறை கலையாமல் கொண்டுவருவது அதைவிடக் கடினம்.

அழகு என்ற பெயரில் எல்லை மீறுவதும் நடக்கிறது. மூக்கு வளைய வளைய விலை கூடும் என்பதால், மேலலகு கீழலகைத் தாண்டித் தொங்குகிற அளவுக்குக் கொண்டுபோகிறார்கள். அந்தச் சேவலால் மண்ணில் கிடக்கிற ஒற்றைக் கம்பு மணியைப் பொறுக்க முடியாது. ஆழமான கிண்ணத்தில் வைத்தால்தான் தின்னும். பெட்டைக்குப் புழு எடுத்துக் கொடுக்க அதனால் எப்படி முடியும்? பரிசு வாங்கினாலும் அதை நான் அழகு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பெருவிடைப் பெட்டை ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டாலே அதிகம். அதையும் அடையில் உட்கார்ந்து தன் கனத்தாலேயே உடைத்துவிடும். அதனால் லட்ச ரூபாய் வம்சத்து முட்டையை ஒரு சிறுவிடைக் கோழிக்கு அடை வைக்கிறார்கள். 21 நாள் அது உட்காரும். ஏழாம் நாள் இருட்டறையில் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, நரம்பு ஓடாததை எடுத்துவிடுவார்கள். பொரித்த குஞ்சுகள் தன்னைவிட உயரமாக வளர்ந்த பிறகும் அந்தச் சின்னக் கோழி அவற்றைக் கொக்கரித்துக் கூட்டிக்கொண்டு திரிவதைப் பார்க்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் வம்சம் பார்க்காது. முதல் வாரத்துச் சொட்டு மருந்தையும் எட்டாம் வாரத்துத் தடுப்பூசியையும் தவறவிட்டவர்களின் கொல்லை ஒரே வாரத்தில் காலியாகும்.

பொரித்ததில் பாதி சேவலாக இருக்கும். தேவையோ ஒன்று. வால் முழுதாக இறங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்பதால், எதை நிறுத்துவது, எதைத் தள்ளுவது என்று அதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். ஆளைப் பார்த்துப் பாய்கிறது முதலில் போகும். அந்தக் குணமும் குஞ்சுக்கு இறங்கும். பிறகு கோணல் விரல், கூனல் முதுகு. தள்ளியவை வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்கோ, கருப்பசாமிக்கோ, சீரகச் சம்பாவோடு சட்டிக்கோ போகும். இதில் மனம் இளகுகிறவர் நல்ல மனிதர், ஆனால் அவர் கொல்லையில் மூன்று வருடத்தில் தகர டப்பா போல எல்லாம் ஒரே மாதிரி சுமாராக நிற்கும்.

சிறுமலையின் காட்டுக்குள் இருக்கிற சாம்பல் காட்டுக்கோழிக்கும் இதில் பங்கு உண்டு. வீட்டுக்கோழியின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழிதான். ஆனால் மஞ்சள் காலுக்கான மரபணு தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். அது பின்வாங்கி நிற்கிற குணம். தாய், தகப்பன் இரண்டு பக்கமும் இருந்தால்தான் குஞ்சின் கால் மஞ்சளாகும். வெள்ளைக்கால் ஜோடிக்கு மஞ்சள்கால் குஞ்சு பொரித்தால் பதற வேண்டாம், யாரும் வேலி தாண்டவில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. சேவலின் விலையைக் கேட்டால் எல்லாரும் சொல்வார்கள். பேரம் பேசினால் குறைக்கவும் செய்வார்கள். அதைப் பெற்ற பெட்டையைக் காட்டச் சொல்லுங்கள். “அது அடையில இருக்குண்ணே, கலைக்கக் கூடாது” என்பார்கள். அடுத்த மாதம் போனாலும் அடையில்தான் இருக்கும். காட்டிவிட்டால், விலைக்குக் கேட்டுப் பாருங்கள். “சேவலை வேணும்னா ரெண்டாயிரம் கம்மியா எடுத்துக்கங்க” என்று பேச்சை மாற்றுகிறவரின் வீட்டில் சேவல் வாங்கலாம்.