பானையைப் பார்த்துவிட்டுப் பறவையை வாங்குங்கள்

லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு நிறத்தில்தான் போய் நிற்கும். யாரிடம் லுட்டினோ இருக்கிறது, யார் அல்பினோ ஜோடி சேர்த்தார் என்று மணிக்கணக்கில் பேசுவார்கள். கூண்டின் மேல்மூலையில் கம்பி கட்டித் தொங்கும் மண்பானையை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. எனக்கு அந்தப் பானைதான் முக்கியம். இந்தப் பொழுதுபோக்கில் நம்மவர்கள் காட்டிய மிகப் பெரிய சாமர்த்தியம் அது.

நாம் லவ் பேர்ட்ஸ் என்று கூப்பிடும் பட்ஜெரிகர், ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் மரப்பொந்தில் குஞ்சு பொரித்துக்கொண்டிருந்த பறவை. ஜான் கூல்ட் 1840-ல் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பலகைப் பெட்டிதான் அங்கே அதற்கு வீடு. பெட்டியின் அடி தட்டையாக இருந்தால் முட்டை உருளும், குஞ்சுக்குக் கால் அகன்றுவிடும். அதற்காக அடிப்பலகையைக் குடைந்து குழி எடுக்கிறார்கள். பானைக்கு அந்த வேலையே வேண்டாம். சக்கரத்திலேயே குழிவு வந்துவிடுகிறது. அஞ்சாறு குஞ்சுகள் எச்சமிட்டு நசநசக்கும்போது சுட்ட மண் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. பிளைவுட் பெட்டி அதே ஈரத்தில் ஊறிப் பேன் பிடிக்கும்.

நல்ல பானை ஒரு சாண் அகலம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் மூன்று விரல் சேர்த்து நுழைகிற துளை, மேல்வாய்க்குத் தனி மூடி. தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மூடியைத் தூக்கிப் பார்த்தால் ஒரே வீட்டில் எல்லா வயதும் தெரியும். ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிட்டு, ஒவ்வொன்றும் பதினெட்டு நாளில் பொரிப்பதால், மூத்தது முதுகில் இறகுக் குருத்தோடு உட்கார்ந்திருக்க, கடைக்குட்டி கண் திறக்காமல் அதன் வயிற்றடியில் கிடக்கும். அடைகாப்பது பெட்டைதான். சேவல் துளை வாசலில் தொற்றிக்கொண்டு தலையை ஆட்டி ஆட்டி அதற்கு ஊட்டும். வைக்கோல், பஞ்சு எதுவும் உள்ளே போடாதீர்கள். பொந்தில் வாழ்ந்த பறவைக்கு மெத்தை தேவையில்லை.

இப்போது கடைகளில் பானைக்கும் பெயின்ட் அடித்து ரோஜாப்பூ வரைந்து விற்கிறார்கள். பறவை நாள் முழுக்கத் துளை விளிம்பைக் கொறிக்கும், அந்தப் பெயின்ட் வயிற்றுக்குப் போகும் என்று சொன்னால், “கஸ்டமர் கேக்கறாங்க சார்” என்கிறார்கள். பிளாஸ்டிக் பானையும் வந்துவிட்டது. செஞ்சிக்கோட்டைப் பாறைகளின் வெக்கை அடிக்கிற எங்கள் ஊரில் பிளாஸ்டிக்குக்குள் குஞ்சு வெந்துபோகும்.

நிறப் பைத்தியங்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் ஓட்டு மட்டும் காட்டுப் பச்சைக்கு. மஞ்சள் முகம், முதுகில் கறுப்பு வரி, பச்சை வயிறு. மூக்கு நீலமென்றால் சேவல், பழுப்பென்றால் பெட்டை, சந்தேகமே வராது. லுட்டினோ, அல்பினோ சேவலுக்கு மூக்கு நீலமாவதில்லை, இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும். அதை வைத்து இரண்டு சேவலை ஜோடி என்று தலையில் கட்டிவிடலாம். நெற்றி வரி மூக்குவரை இறங்கியிருந்தால் இளம் பறவை. மூன்று நாலு மாதத்தில் அந்த வரி பின்வாங்கிவிடும். காக்கட்டீல் கிளிப் பிரியர்கள் என்ன சொன்னாலும் சரி, இந்த விலைக்கு இவ்வளவு சுறுசுறுப்பு வேறெதிலும் கிடையாது. பச்சைக்கிளி கேட்பவர்களுக்கு ஒன்றே சொல்வேன்: 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வளர்ப்பது குற்றம்.

கூண்டு உயரமாக வேண்டாம், நீளமாக இருக்கட்டும். இவை பறப்பது குறுக்கேதான். பல்லாவரம் வெள்ளிச் சந்தையில் அழகழகாகத் தொங்குகிற வட்டக் கூண்டு பார்க்க மட்டும் லாயக்கு.

தீனி என்றால் தினை. தினைப்புனத்தில் கிளி விரட்டிய நாட்டில், சிறுதானிய ஆண்டு என்று 2023-ஐக் கொண்டாடியபின், கடைக்காரர் நல்ல தினையைப் பாக்கெட்டில் போட்டு மனிதர்களுக்கு வைத்துவிட்டு, பறவைக்கென்று தூசியும் பதருமாக அள்ளிக் கொடுக்கிறார். வாங்கும்போது ஒரு பிடியை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பாருங்கள். கிண்ணத்தையும் தினம் ஊத வேண்டும். உமி மேலே நிற்பதால் நிறைந்திருப்பதுபோலத் தெரியும், அடியில் ஒரு மணி இருக்காது. நிறைந்த கிண்ணத்தின் முன்னே பட்டினியில் செத்த பறவைகள் ஏராளம். முருங்கைக்கீரையைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள், சுண்ணாம்புச் சத்துக்கு அது போதும். அவகாடோவை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், விஷம்.

பானை தொங்கும்வரை பெட்டை முட்டையிட்டுக்கொண்டே இருக்கும், உடம்பு தேய்ந்துபோகும். வருஷத்துக்கு இரண்டு ஈடு போதும். சித்திரை பிறப்பதற்குள் பானையைக் கழற்றிக் கழுவி வெயிலில் காயவையுங்கள். ஆடி கழிந்ததும் மாட்டிக்கொள்ளலாம்.